வாசலோடு நின்றவர்

அவர் வருவது மூன்று வீட்டுக்கு முன்பே தெரிந்துவிடும். குதிகாலில் லாடம் அடித்த செருப்பு. எங்கள் சால் என்கிற வரிசை வீடுகளின் கல் பாவிய நடையில் அது டக், டக் என்று வரும். எங்கள் நிலைப்படிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடும். அதற்கு மேல் வராது. எவ்வளவு கூப்பிட்டாலும் வராது.

"உள்ள வாங்க அண்ணாச்சி. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகலாம்."

"இருக்கட்டும் டீச்சர். இங்கன நிக்கதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

காப்பியை வெளியே நின்றபடியே குடிப்பார். தம்ளரை நிலைப்படியில் வைத்துவிட்டு, ஞாயிறு பள்ளி எத்தனை மணிக்கு, இந்த வாரம் யார் வீட்டில் ஜெபக்கூட்டம் என்று சபையில் சொல்லியனுப்பியதை ஒப்பித்துவிட்டுத் திரும்பி நடப்பார். டக், டக்.

எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. தாராவியில் எங்கள் சபையார் யார் வீட்டுக்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை. கல்யாண வீட்டில் பந்தலோடு சரி. சாவு வீட்டில் தெருவோடு சரி. வீட்டு ஜெபக்கூட்டங்களில் நாங்கள் எல்லாம் உள்ளே பாயில் இருக்க, அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று பாடுவார். ஜெபம் ஆரம்பித்ததும் தெருவிலேயே செருப்பைக் கழற்றி ஒதுக்கிவிடுவார். ஆமென் சொன்னதும் மாட்டிக்கொள்வார். தெருப்புழுதியில் வெறுங்காலோடு நிற்கத் தெரிந்தவருக்கு நாலடி உள்ளே வந்தால் என்ன என்று நான் நினைத்துக்கொள்வேன். கர்வம் என்று ஒரு நாள் நினைப்பேன். எங்கள் வீடு அவருக்குச் சுத்தமாகப் படவில்லையோ என்று மறுநாள் நினைத்து, நிலைப்படியை இன்னொரு தடவை துடைப்பேன். எனக்கு அப்படித்தான். எதையும் ஒரே தடவையில் நினைத்து முடிக்க வராது.

இப்போது நாங்கள் தாராவியை விட்டுச் செம்பூருக்கு வந்துவிட்டோம். கைக்குழந்தை மத்தியானம் தூங்குகிற நேரத்தில் எழுதுகிறேன். எப்போது விழித்துக்கொள்ளும் என்று ஒரு காது அங்கேயே இருக்கிறது. அவர் பெயரை எழுதவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். எங்கள் சபையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. என்னை அவர் டீச்சர் என்பார். ஊரில் இரண்டு வருஷம் பாடம் நடத்தியிருந்தேன். பம்பாயில் அந்தப் பெயர் மட்டும் மிச்சம் இருந்தது.

எங்கள் ஆலயம் தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கொட்டகை. வாசலில் இரண்டு படி. உள்ளே சிமெண்டுத் தரையில் பாய். கடைசியில் முழங்கால் மடக்க முடியாதவர்களுக்கு நாலு பெஞ்சு. ஊரில் எப்படியோ அப்படியே இங்கும் செருப்பைக் கழற்றி விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பம்பாய்க் கோட்டைப் பகுதியின் இங்கிலீஷ் ஆராதனைகளுக்கு ஷூவோடு போகிறார்கள் என்று கேள்வி. எங்களிடம் அது நடக்காது. எங்கள் படியில் அவர் இருந்தார்.

வாரத்தில் ஆறு நாள் அவர் ஒரு தோல் பட்டறையில் பையும் பெல்ட்டும் தைப்பவர். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து படியருகே சாக்கு விரிப்பார். அதன் கோடியில் முதலில் தன்னுடைய லாடச் செருப்பைக் கழற்றி வைப்பார். பிறகு வருகிறவர்களின் செருப்பை ஒவ்வொன்றாகக் கையில் வாங்குவார். காலால் உதறிவிட்டுப் போகக் கூடாது. குனிந்து, கழற்றி, அவர் கையில் கொடுக்க வேண்டும். சீட்டு, நம்பர் ஒன்றும் கிடையாது. ஆராதனை முடிவதற்குள் அத்தனை செருப்பும் ஜோடி ஜோடியாகத் திரும்பியிருக்கும், நுனி தெருவைப் பார்த்தபடி. நாம் படியிறங்கிக் காலை விட வேண்டியதுதான் பாக்கி.

"ஆண்டவரப் பாத்துட்டு வர்ற கண்ணு, கீழ குனிஞ்சு செருப்பத் தேடலாமா?" என்பார்.

செருப்பைக் கையில் வாங்கும்போதே ஆளைப் படித்துவிடுவார். "வாத்தியாரே, உள்பக்கமாத் தேயுது, முட்டி வலிக்கோ?" "ஏம்மா, இது உன் அக்கா செருப்புல்லா? சண்ட தீந்துட்டா?" வரிசையில் சிரிப்பு எழும். அவர் சிரிக்க மாட்டார். அடுத்த ஆளுக்குக் கை நீண்டிருக்கும்.

ஒரு முறை ஒரு கல்யாணத்துக்குக் கோட்டும் பூட்ஸுமாக ஒருவர் வந்தார். பெண்ணின் அப்பாவுக்கு ஆபீஸில் மேலதிகாரி, தமிழர்தான், பெரிய சபையைச் சேர்ந்தவர். படியில் நின்றுகொண்டு, "எங்க சர்ச்சில தொப்பியைத்தான் கழற்றுவோம், ஷூவை இல்லை" என்றார்.

"அதுக்கென்ன, தொப்பியையும் குடுங்க. ரெண்டையும் பாத்துக்கிடுதேன்."

"இதெல்லாம் ஊர்ப் பழக்கம். மனசுதான் முக்கியம்."

"மனசத்தான் நான் வாங்கி வைக்க முடியாதே. அத நீங்களே உள்ள கொண்டு போங்க."

பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். அந்த மனிதர் சிவந்துபோய் நின்றார். அப்போதுதான் அண்ணாச்சி குனிந்து, பூட்ஸுக்கு மேலே தெரிந்த அவர் காலுறையைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, நிமிர்ந்து எங்களை அதட்டினார்: "என்ன வேடிக்கை? சலோ, சலோ, எல்லாரும் உள்ள போங்க, பொண்ணு மாப்பிள்ள வந்தாச்சு!" நாங்கள் எல்லோரும் போன பிறகுதான் அந்த மனிதர் உள்ளே வந்தார், பூட்ஸைக் கழற்றிவிட்டு. ஒரு காலுறையிலிருந்து பெருவிரல் வெளியே தெரிந்தது. பாவம், அதுதான் விஷயம். நான் கடைசியில் இருந்ததால் பார்த்தேன். அண்ணாச்சி அவருக்குச் சொல்லியனுப்பியதும் என் காதில் விழுந்தது. "தைரியமாப் போங்க சார். உள்ள ஒருத்தரும் காலப் பாக்க மாட்டாவ."

அவர் ஏன் யார் வீட்டுக்குள்ளும் வருவதில்லை என்பதை என் வீட்டுக்காரர்தான் ஒரு நாள் சொன்னார். ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஸ்டோரில் அவருக்கு வேலை. அண்ணாச்சியின் ஊர்க்காரர் ஒருவர் அங்கே பக்கத்து மேசை.

"அவங்க ஊர்ல மேலத்தெரு வழியா அவங்க ஆளுக செருப்பு போட்டுட்டுப் போகக் கூடாதாம். கழட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத்தான் போகணுமாம். இவரு பம்பாய் வந்ததும் மொத வேலையா தனக்குன்னு ஒரு செருப்பு தைச்சாராம். சத்தம் கேக்கணும்னே லாடம் அடிச்சாராம். இனி ஒருத்தருக்குத்தான் கழட்டுவேன், மனுசன் வீட்டு வாசல்ல கழட்ட மாட்டேன்னு சொல்லிட்டாராம். செருப்போட வீட்டுக்குள்ள வர்றது மரியாதையில்லன்னும் அவருக்குத் தெரியும். அதான் வெளியவே நிக்காரு."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நான் பிறந்த தெருவும் அப்படி ஒரு தெருதான். செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிறவர்களைச் சின்ன வயதில் தினமும் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் எங்களைப் போல ஆலயத்துக்குப் போகிற குடும்பங்கள். ஏன் அப்படிப் போகிறார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நாங்கள் பம்பாயிலேயே விக்ரோலியிலிருந்து மாறி இந்தச் சபைக்கு வந்த முதல் ஞாயிறே அண்ணாச்சி என் ஊரைக் கேட்டிருந்தார். சொன்னேன். எந்தத் தெரு என்றார். அதையும் சொன்னேன். "சரி டீச்சர்" என்றார், அவ்வளவுதான்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கிரேஸுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்தது. இளம்பிள்ளை வாதம். இடது கால் மெலிந்துவிட்டது. நாலு வயதில் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு பூட்ஸ் செய்து கொடுத்தார்கள். கனமான கறுப்புத் தோல், இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொள்ள ஒரு வார். தூங்குகிற நேரம் தவிரக் கழற்றவே கூடாது என்று டாக்டர் சொன்னார். அதைப் போட்டுக்கொண்டால் நிற்பாள், நடப்பாள். கழற்றினால் தரையில் தவழ்ந்துதான் போக வேண்டும்.

ஆனால் ஆலயத்துக்குள் செருப்பு போகக் கூடாது. பூட்ஸும் செருப்புதானே?

இதை யாரிடமாவது கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டால் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். விக்ரோலியில் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாய் தகப்பன்ல யாரு என்ன செஞ்சீங்களோ, பாவத்த அறிக்கை செஞ்சு ஜெபிங்க" என்று சொல்லியிருந்தாள். நானும் ஜெபித்தேன். என்ன செய்தேன் என்று ராத்திரியெல்லாம் தேடினேன். புதுச் சபையிலும் அதே கேள்வியோடு உட்கார என்னால் முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு முந்திய திருப்பத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்து அவள் பூட்ஸைக் கழற்றுவேன். துண்டில் சுற்றிப் பைக்குள் வைப்பேன். கணுக்கால் வரை தொங்கும் பாவாடையோடு அவளை இடுப்பில் தூக்கிக்கொள்வேன். ஐந்து வயதுப் பிள்ளை. இடுப்பு முறிந்துவிடும். வீட்டிலும், லாடச் சத்தம் கேட்டால் அவளை உள்ளே மறைவாக உட்கார வைத்துவிடுவேன்.

"மறைக்க என்ன ஏட்டி இருக்கு? நீயாக் கெடந்து குழப்பிக்கிடுதே" என்பார் வீட்டுக்காரர். ஆனால் தூக்குவது நான்தான்.

அண்ணாச்சிக்கு இது முதலிலிருந்தே பிடிக்கவில்லை. "எறக்கி விடுங்க டீச்சர், எருமக்கடா மாதிரி இருக்கா. தரையில காலு பட்டாத் தேஞ்சா போகும்?"

கிரேஸ் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். நான் சிரித்து வைப்பேன்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ அவர் பையைக் கவனித்தார். "உள்ள என்னது?"

"பிள்ளையோட ஷூ அண்ணாச்சி."

"அப்பக் குடுங்க." அவர் பையை நோக்கிக் கையை நீட்டினார்.

நான் பையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

யோசித்துச் செய்யவில்லை. பை அவர் கைக்குப் போனால் கம்பி தெரியும், கம்பி தெரிந்தால் கால் தெரியும், அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. ஆனால் வெளியே நின்று பார்த்தால் என்ன தெரிந்திருக்கும்? எல்லோரும் தங்கள் செருப்பை அவர் கையில் கொடுக்கிறார்கள். அந்தத் தெருவில் பிறந்த ஒருத்தி மட்டும் தன் பிள்ளையின் ஷூவில் அவர் கை பட்டுவிடக் கூடாது என்று பையை இழுத்துக்கொள்கிறாள்.

அவருடைய கை நீண்டபடியே கொஞ்ச நேரம் இருந்தது. "சரி. நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு என் செருப்பை வாங்கினார், வைத்தார், திருப்பி வைத்தார். என் செருப்பின் தேய்மானத்தைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குச் செய்தி கொண்டுவந்தால் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்வார். காப்பி வேண்டாம் என்பார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த ஞாயிறு சொல்லிவிடுகிறேன், அடுத்த ஞாயிறு சொல்லிவிடுகிறேன் என்று நாலைந்து மாதம் போனது. பையை இழுத்த காரணத்தைச் சொன்னால் பிள்ளையின் காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு அந்த நாட்களில் பேசுவதற்கே தெம்பு இல்லை.

ஜூலையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் விழா. கிரேஸின் வகுப்புக்கு ஒரு சின்னப் பாட்டு: விதை மண்ணில் விழுகிறது, மழை பெய்கிறது, முளை வருகிறது. முளை வருகிற இடத்தில் பிள்ளைகள் இரண்டு கையையும் மேலே தூக்க வேண்டும். வீட்டில் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நூறு தடவை பாடிவிட்டாள்.

"அம்மா, நானும் நின்னுதான் பாடுவேன்."

"உக்காந்து பாடினாலும் ஆண்டவர் கேப்பாருட்டி."

"விதை உக்காந்தா முளைக்கும்?"

சனிக்கிழமை மாலை ஒத்திகை. பள்ளி நடத்துகிற பெண்ணிடம், இவளுக்கு முழங்காலில் கொஞ்சம் வலி, மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும் என்று பாதிப் பொய் சொல்லி ஏற்பாடு செய்தேன். வழக்கம்போலத் தொட்டிக்குப் பின்னால் பூட்ஸைக் கழற்றினேன். மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் பெய்கிற சத்தத்தில் பிள்ளைகள் கத்திப் பாடினார்கள். கிரேஸ் ஒரு கையால் மேசையைப் பிடித்து, வலது காலில் நின்று பாடினாள். முளை வந்தது. எல்லாப் பிள்ளைகளும் இரண்டு கையையும் தூக்கினார்கள். அவளும் தூக்கினாள்.

மோவாய் மேசை விளிம்பில் பட்டுக் கிழிந்தது. நான் எழுந்து ஓடும்போது மடியில் இருந்த பை உருண்டது. ஒத்திகைக்குச் செருப்பு வாங்க வந்து, மழைக்கு உள்ளே ஒதுங்கியிருந்த அண்ணாச்சி எனக்கு முன்னால் ஓடி அவளைத் தூக்கியிருந்தார். தூக்கியபோது பாவாடை ஒதுங்கியது. அவர் அந்தக் காலைப் பார்த்தார். மெல்லக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். தன் தோள் துண்டை மடித்து அவள் மோவாயில் வைத்து அழுத்தச் சொன்னார். பிறகு குனிந்து, பைக்கு வெளியே துண்டிலிருந்து பாதி நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பியைப் பார்த்தார். பூட்ஸைக் கையில் எடுத்தார்.

"இதையா டீச்சர் எங்கிட்டக் குடுக்க மாட்டேன்னு இழுத்தீங்க?"

"யாரும் பாத்துரக் கூடாதுன்னு..."

அவர் பூட்ஸையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் வேற நெனச்சிட்டேன்."

மழை பெய்துகொண்டிருந்தது. அவர் வாருக்குள் விரலை விட்டுத் தடவினார். முகம் மாறியது. "இது காஞ்சு கத்தி மாதிரி இருக்கே. காலக் கடிக்குமே. பாப்பா, கடிக்காதா?"

கிரேஸ் அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தாள். "கடிக்கும் மாமா."

"அம்மாட்டச் சொல்லலியா?"

"அம்மா சும்மாவே அழுவாங்க."

ஒன்றரை வருஷம் தினமும் அந்த வாரை இறுக்கிக் கட்டியது நான்தான்.

"காலையில தாரேன்" என்று சொல்லி, பூட்ஸைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார். அன்று மாலை முழுவதும் எனக்கு நிலைகொள்ளவில்லை. ஆஸ்பத்திரிச் சாமானைப் பிரிக்கக் கொடுத்துவிட்டேனே, டாக்டர் கேட்டால் என்ன சொல்வேன்? திருப்பி மாட்டத் தெரியுமா? கிரேஸ் மோவாயில் பிளாஸ்திரியோடு தரையில் தவழ்ந்து போய் ஜன்னலில் மழை பார்த்தாள்.

ஞாயிறு காலை தொட்டிக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கவில்லை. இடுப்பில் பிள்ளையோடு நேராகப் படிக்குப் போனேன். சாக்கு விரித்து, அவர் காத்திருந்தார். படியில் கிரேஸை உட்கார வைக்கச் சொன்னார். பூட்ஸின் பழைய வார் இருந்த இடத்தில் அகலமான புது வார், வெள்ளாட்டுத் தோல், உள்பக்கம் கம்பளித் துணி வைத்துத் தைத்தது. அடித்தோலும் புதிது. தானே மாட்டி, கொக்கியைப் போட்டு, உள்ளே இரண்டு விரல் போகிறதா என்று பார்த்தார். பிறகு மடியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். மெல்லிய தோலில் தைத்த ஒரு உறை. பூட்ஸுக்கு மேலே, அடியை மூடி, ஒரு நாடாவால் கட்டிக்கொள்வது மாதிரி.

"தெருவுல நடக்கும்போது இதப் போடணும். இங்க வந்ததும் இதக் கழட்டி எங்கையில குடுக்கணும். எல்லாரும் குடுக்க மாதிரி. என்ன?"

கிரேஸ் தலையாட்டினாள். அவர் கட்டிவிட்டார். அவள் எழுந்து, படிக்கு முன்னால் நாலு எட்டு நடந்து திரும்பி வந்தாள். தானே உட்கார்ந்து, நாடாவை அவிழ்த்து, உறையைக் கழற்றினாள். இரண்டு கையாலும் பிடித்து அவரிடம் நீட்டினாள். அந்தச் சபையில் யாரும் அவ்வளவு மரியாதையாகச் செருப்பைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அதற்குள் பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். சபை மூப்பர் ஒருவர், நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தினார். "என்னய்யா இது? கோட்டுப் போட்ட ஆபீசரையே விடல. இப்பப் பிள்ள பூட்ஸோட உள்ள போகுது?"

தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று கையை நீட்டிவிட்டேன்.

அண்ணாச்சி நிமிரவில்லை. உறையைத் துடைத்து, சாக்கில் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். "அவ செருப்பு இந்தா இருக்கு மூப்பரே, எங்கையில குடுத்துட்டா. உள்ள போறது காலு." கையை அவர் பக்கம் நீட்டினார். "உங்களதக் கழட்டுங்க."

மூப்பர் குனிந்து கழற்றினார்.

கிரேஸ் நடந்து போனாள். சிமெண்டுத் தரையில் டக், டக் என்று கேட்டது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். நான் பின்னால் போனேன், காலி இடுப்போடு. அன்று அவள் பாடினாளா, கையைத் தூக்கினாளா என்று கேட்டால், தூக்கினாள். ஆனால் நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. விழுந்துவிடுவாளோ என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

யாரும் பாவத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கவே மாட்டார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஒருவேளை வேறு நாளில் கேட்டிருப்பார்களோ என்னவோ.

பையை இழுத்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். எப்படிக் கேட்பது? "நீங்கள் நினைத்த காரணம் இல்லை" என்று சொன்னால் பாதி உண்மை. எங்கள் தெருவைப் பற்றியும் சொன்னால்தான் முழுக்க ஆகும். நான் பார்த்ததையும், கேட்காமல் இருந்ததையும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செம்பூருக்கு மாறி வந்த அன்று காலையில்கூட அவர் படியில் என் செருப்பைத் திருப்பி வைத்தார். நான் "வாரேன் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

விழா முடிந்து மூன்று வாரம் இருக்கும். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கிரேஸுக்குச் சளிக்காய்ச்சல், ஞாயிறு நாங்கள் போகவில்லை. மறுநாள் சாயங்காலம் நடையில் டக், டக் கேட்டது. நிலைப்படிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. குடையிலிருந்து தண்ணீர் வடிய, கையில் ஒரு சின்னத் தோல் பையோடு அண்ணாச்சி நின்றார்.

"புது வாரு இழுபடும். ஒரு ஓட்ட தள்ளிப் போடணும். பிள்ள எங்க?"

"காய்ச்சல் அண்ணாச்சி. உள்ள படுத்திருக்கா. பூட்ஸை எடுத்துத் தரவா?"

"கால்ல போட்டுப் பாத்துத்தான் ஓட்ட போட முடியும்."

தூக்கி வரலாம் என்றால் வெளியே சாரல். உள்ளே வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், நின்றுவிட்டேன். வாருங்கள் என்றால் செருப்பைக் கழற்றுங்கள் என்று ஆகிவிடும். அதைச் சொல்ல நான் யார்? சொல்லாமல் இருந்தால் அவர் திரும்பிப் போய்விடுவார். என் பின்னால் அன்று காலைதான் துடைத்த தரை.

"செருப்போடயே வாங்க அண்ணாச்சி" என்றேன். "ஒண்ணுமில்ல. அப்படியே வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். லாடச் சத்தம் கேட்டுக் கிரேஸ் போர்வையை விட்டு வெளியே வந்து, இரண்டு கையையும் ஊன்றி வாசலை நோக்கித் தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள்.

அவர் குடையை மடக்கிச் சாத்தினார். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, இடது செருப்பைக் கழற்றினார். பிறகு வலதை. மழைத் தண்ணீரில் பாதத்தைக் கழுவி, துண்டால் துடைத்தார்.

நான் என்னவோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"பிள்ள தவழுத தரைல்லா" என்றார். உள்ளே போய் அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "என்னட்டி, காய்ச்சக்காரி, காலக் கொண்டா பாப்போம்."

நான் வாசலிலேயே நின்றேன். அவர் செருப்பு இரண்டும் நடையின் ஓரத்தில் கிடந்தன. சாக்கடை பொங்கி, தண்ணீர் கல்லின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு செருப்பு மெல்ல நகர ஆரம்பித்தது. குனிந்து இரண்டையும் கையில் எடுத்தேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தன. சேலைத் தலைப்பால் துடைத்து, உள்ளே கொண்டுவந்து, அடுப்புக்குப் பக்கத்தில் காய்ந்த இடமாகப் பார்த்து வைத்தேன். ஜோடியாக, நுனி வாசலைப் பார்த்தபடி.